அப்படியே இருக்கட்டும் என்றது நீதிமன்றம்

அக்கா,

இன்று காலையும் வாளியோடு வேலி தாண்டும்போது நாயுண்ணிப் பூவின் நாற்றம் முகத்தில் அடித்தது. நீங்கள் கச்சான் கடலை போட்ட காணியில் இப்போது அதுதான் விளைகிறது.

உங்கள் காணியும் பக்கத்தில் என் காணியும் காடு என்று அரசாங்க வர்த்தமானி அறிவித்தலில் வந்த அன்று, நீங்கள் ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தீர்கள்.

"கையெழுத்துப் போட்டவரு இந்தப் பக்கம் வந்திருக்காரா?"

"கொழும்பில இருந்து போட்டதாம் அக்கா."

"அப்ப காடுன்னு எப்புடித் தெரியும்?"

கலவரத்தில் தேயிலைத் தோட்டத்தை விட்டு ஸ்கந்தபுரத்துக்கு ஓடிவந்த உங்கள் அப்பா வெட்டித் திருத்திய மண் அது. அதுவும் போனால் உங்களுக்குப் போக இடமில்லை. எனக்கும்தான்.

வழக்குப் போட்டோம். அரச காணி தன் அதிகாரத்துக்குள் வராது என்றது மாகாண மேல் நீதிமன்றம். கொழும்புக்குப் போனோம். மேன்முறையீட்டு நீதிமன்ற வாசலில் நீங்கள் செருப்பைக் கழற்றினீர்கள். தோட்டத் துரையின் கந்தோருக்குள் அப்படித்தான் போகவேண்டும் என்று உங்கள் அம்மா பழக்கியது. "இது கோயில் இல்லை, போட்டுக்கொண்டு வாங்கோ" என்று சீறினேன். நீங்கள் கேட்கவில்லை.

தீர்ப்பு வரும்வரை எல்லாம் இருந்தபடியே இருக்கவேண்டும் என்று இடைக்கால உத்தரவு கிடைத்தது. அரசின் கையையும் நீதிமன்றம் பிடித்து நிறுத்தும் என்று அன்றுதான் கண்ணால் கண்டேன். வென்றுவிட்டோம் என்று ஊருக்கு வந்து பொங்கினோமே, என்ன மடைச்சிகள் நாங்கள்! அவர்கள் எல்லைக்கல் போட முடியாது என்பது மட்டும்தான் காதில் விழுந்தது. நாங்கள் மண்வெட்டி போட முடியாது என்பது பிறகுதான் உறைத்தது. முளைத்த நாயுண்ணிப் பற்றையை வெட்டினால் நீதிமன்ற அவமதிப்பு. வெட்டாவிட்டால் காடு. தவணைக்கு மேல் தவணை போனது, பற்றை ஆளுயரம் வளர்ந்தது. அதிகாரிகள் வந்து அதைப் படம் பிடித்துப் போனார்கள், காடுதான் என்பதற்குச் சாட்சியாம்.

உத்தரவுக்குக் கொஞ்சம் முன்புதான் காணி நடுவில் ஒரு தென்னம்பிள்ளை நட்டிருந்தீர்கள். சட்டத்தரணியை வழிமறித்து, "ஐயா, அதுக்குத் தண்ணி ஊத்தலாங்களா?" என்றீர்கள். எனக்கு வெட்கமாகப் போயிற்று. அவர் யோசித்துத்தான் பதில் சொன்னார்: "உயிரோட நிண்டது உயிரோட நிக்கட்டும் அம்மா. அது உத்தரவை மீறினதாகாது."

அன்றிலிருந்து நீங்கள் ஒரு நாள் தவறவில்லை. ஆஸ்பத்திரிக் கட்டிலில் கடைசியாகக் கேட்டதும் வழக்கைப் பற்றி அல்ல. "தென்னைக்கு ஊத்துனியா?" என்றுதான்.

ஊற்றினேன். இன்றும் ஊற்றுகிறேன். வழக்கு முடியவில்லை. தென்னை முதல் பாளை விட்டிருக்கிறது. காய்த்தால் பறிக்கலாமா என்று சட்டத்தரணியிடம் கேட்டேன். "தீர்ப்பு வரும்வரை தொடாதேங்கோ" என்கிறார். எங்கள் காணிக்குள் நாங்கள் தண்ணீர் மட்டும் சுமக்கலாம்.

போன கிழமை அதிகாரிகள் மறுபடி படம் பிடிக்க வந்தார்கள். எந்தப் பக்கம் நின்று எடுத்தாலும் பற்றைக்கு மேலே உங்கள் தென்னை தெரிந்தது. ஒருவர் எரிச்சலோடு என்னிடம் கேட்டார்: "காட்டுக்குள்ள ஆர் தென்னை வைச்சது?"

உங்கள் பெயரைச் சொன்னேன், அக்கா. அப்பா பெயரோடு சேர்த்து, முழுப் பெயரையும்.