மண் ஐயாவின் கோணல் கண்

இன்று காலை லிபெர்த்தா வீதியில், நீ வீட்டுவேலை செய்த இத்தாலிய அம்மா சிஞ்ஞோராவின் வீட்டில், இந்தக் குளிர்காலத்துக்கு முதல் தடவையாகப் பாய்லரை மூட்டினேன். கோடை முழுக்கப் படிந்த தூசி எரிந்து அந்த மணம் வந்தது. என்னையறியாமல் கதவுப் பக்கம் திரும்பினேன். வருடா வருடம் இந்த மணத்துக்குத் துடைக்கும் துணியோடு ஓடிவருவாயே. "என்னப்பா, வீட்டைக் கொளுத்துறீங்களோ?"

கதவடியில் யாரும் இல்லை. அழுத்தமானியைப் பார்த்தேன். ஊசி சரியான இடத்தில் நின்றது. மாசியில் ஆஸ்பத்திரியில் நீ கண்மூடியதிலிருந்து நான் இப்படித்தான் இருக்கிறேன். ஊசி எங்கே நிற்கிறது என்று மட்டும் பார்க்கிறேன். ஒருநாளும் அழவில்லை.

புறப்படும்போது சிஞ்ஞோரா ஒரு ஷேவிங் பிரஷை நீட்டி, "உன் மனைவியுடையது" என்றார். அது என்னுடையது. அது காணாமல் போன அன்று உன்னைக் கேட்டேன்.

"என்ர பிரஷ் எங்கையப்பா?"

"மண் ஐயாவுக்கு எடுத்தனான்."

"அப்ப என்ர மூஞ்சைக்கு?"

"உங்கட மூஞ்சை என்ன, ஆயிரம் வரியம் கிடக்கப்போற மூஞ்சையே?"

மண் ஐயா என்று நீ பெயர் வைத்திருந்தது, சிஞ்ஞோராவின் வரவேற்பறையில் நிற்கும் சுடுமண் குடுவைக்கு. அவருடைய கணவர் நைஜரில் வீதி போடப் போன காலத்தில் யாரிடமோ வாங்கிவந்தது. நீண்ட குடுவை, உச்சியில் ஒரு முகம். நெற்றியில் குத்திய புள்ளிகள், கீறிய கண்கள். இடது கண் மட்டும் கொஞ்சம் கோணல். நீ கதிரையில் ஏறி நின்று அந்தக் கீறலுக்குள் பிரஷை விட்டுத் தட்டுவாய்.

அது ஒரு பிரேதக்குழியின் மேல் கவிழ்த்து வைத்திருந்தது என்று சிஞ்ஞோரா சொன்ன அன்று நீ சரியாகச் சாப்பிடவில்லை.

"அப்ப அந்த மனுசன்ர தலைமாட்டில இப்ப ஒண்டும் இல்லையே?"

"ஆயிரம் வரியமாச்சு. மண்ணாப் போயிருப்பார்."

"மண்ணாப் போனா ஆள் இல்லையோ? மன்னாரில அப்பா கிணறு வெட்டேக்க ஒரு தாழி வந்ததாம். உள்ளை என்ன கிடக்கெண்டும் பாக்கேல்லை. திரும்ப மூடி, செபம் சொல்லிப்போட்டுத் தள்ளித்தான் வெட்டினவை."

நான் சூளையின் சூடு பற்றியும், உள்ளே குடைவாக இருந்ததால் அது வெடிக்காமல் வெந்தது பற்றியும் விளக்கம் சொன்னேன். இடையில் நீ கேட்டாய். "இதைச் செய்தவை அழுதுகொண்டு செய்திருப்பினமோ, அழுது முடிச்சிட்டுச் செய்திருப்பினமோ?"

"அது தெரியாது. கண் கோணினது, ஈர மண்ணில கத்தி வழுக்கினதாலை."

நீ என்னைப் பார்த்த பார்வை நினைவிருக்கிறது. திருத்த முடியாத இயந்திரத்தைப் பார்ப்பது போல.

போன வருடம், ஆத்துமாக்கள் திருநாளுக்கு முன், வுச்சீரியா சந்தைக்குப் பின்னால் உள்ள நம் தமிழ்க் கத்தோலிக்கக் கோயிலில் எல்லோரும் சுவாமியிடம் இறந்தவர்களின் பெயர்களைப் பூசைக்குச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். உன் முறை வந்தது.

"பேர் தெரியாத ஒருத்தர், சுவாமி."

"எங்கட ஊர் ஆளோ பிள்ளை?"

"இல்லை, ஆபிரிக்கா."

"கிறிஸ்தவரோ?"

"நற்செய்தி அந்த நேரம் அங்கை போய்ச் சேர்ந்திருக்காது, சுவாமி."

பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். நான் வெட்கத்தில் உன் சால்வையை இழுத்தேன். சுவாமியும் சிரித்தார். ஆனால் பூசையில் "பெயர் அறியாத ஒருவர்" என்று வாசித்தார். நீ தலைகுனிந்து, சொந்தக்காரி போல நின்றாய்.

இந்த வருடம் உன் பெயரை நான் சொல்ல வேண்டும். போன ஞாயிறும் அதற்கு முந்தைய ஞாயிறும் கோயில் வாசல்வரை போய்த் திரும்பிவிட்டேன். இறந்தவர்களோடு சேர்த்து என் வாயாலேயே உன்னைச் சொல்லிவிட்டால், பிறகு நீ எந்தக் கதவாலும் வரமாட்டாய்.

இன்று சிஞ்ஞோரா வீட்டிலிருந்து நேரே போனேன். பிரஷ் சட்டைப்பையில் இருந்தது.

"தம்பி, ஆரின்ர பேர்?" சுவாமி கேட்டார்.

சட்டைப்பைக்குள் பிரஷைப் பிடித்துக்கொண்டேன்.

"போன வரியம் என்ர மனுசி சொன்னவ... அந்தப் பேர் தெரியாத ஆள், சுவாமி."

"ஓம், ஞாபகம் இருக்கு. பிறகு?"

பிறகு உன் பெயரைச் சொன்னேன். முழுப் பெயரையும். என்னிடமிருந்து ஏதோ ஒரு சத்தம் வந்தது. பின்னால் நின்ற அக்கா ஒருவர் முதுகில் கை வைத்து, "அழு ராசா" என்றார். அழுதேன்.

மெழுகுதிரி ஏற்றப் போனபோது சுடர் திரியில் பிடிக்கவில்லை. வீடு வீடாகப் போய்ப் பாய்லர் மூட்டுகிற கை, நடுங்கி நடுங்கி விலகிப்போனது. அப்போது மண் ஐயாவின் அந்தக் கோணல் இடது கண் நினைவுக்கு வந்தது.

பிரஷை நான் கழுவவில்லை. மயிரடியில் அந்தச் செம்மண் தூசி கொஞ்சம் இருக்கிறது. வியாழக்கிழமைகளில் மண் ஐயாவை நானே வந்து துடைக்கிறேன் என்று சிஞ்ஞோராவுக்குச் சொல்லிவிட்டேன்.

நீ கேட்டதற்கு இப்போது சொல்கிறேனப்பா. கத்தி வழுக்கவில்லை. அழுதுகொண்டுதான் செய்திருக்கிறார்கள்.