பெயரைக் கேட்ட தளம்

ஜூலை 9, புதன்.

மதியம் பார்த்ததில் இன்னும் மலைப்பு தீரவில்லை. பார்வையில்லாத தாமோதரன் அண்ணன் வேலைக்கு விண்ணப்பிக்கத் தன் லேப்டாப்போடு என் பிரவுசிங் சென்டருக்கு வந்தார். இன்றுதான் கடைசி நாள். அவருக்கு வாய்விட்டுப் படித்துக் காட்டும் பிரவுசரை அந்தத் தளம் ஏற்கவில்லை. வேறு பிரவுசரில் வரச் சொன்னது. என் கணினியில் நானே நிரப்பித் தருவதாகச் சொன்னேன்.

"இரும்மா. அது பேரத்தான் கேட்டுகினு கீது. வேற பேர சொல்லிப் பாக்குறேன்."

செட்டிங்கில் போய், தளத்துக்குத் தெரியும் பிரவுசர் பெயரை மட்டும் மாற்றினார். உடனே படிவம் திறந்தது. அதே பிரவுசர் முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை தடங்கலில்லாமல் வாசித்தது. எனக்குப் புல்லரித்துவிட்டது.

"நாளைக்குப் பேரோட அத்தாட்சியும் கேட்டா இன்னாண்ணே பண்ணுவீங்க?"

"அப்ப வெளியதாம்மா நிக்கணும்" என்று, அனுப்பி முடித்த விண்ணப்பத்தின் பிரிண்டை மடித்துக்கொண்டார்.

பத்து வருடமாக இந்தக் கடையில் இருக்கிறேன். கொரட்டூரிலிருந்து மகளுக்கு உதவித்தொகை கேட்டு ஒரு அம்மா போன வாரம் வந்தார். கடையில் கணினி எதுவும் காலியில்லை; அவர் போனில் திறந்தால் இதே அறிவிப்புதான் வந்தது. "உங்க போன்ல ஆகாதும்மா" என்று நான்தான் திருப்பி அனுப்பினேன். அவர் பெயரைக்கூட நான் கேட்டுக்கொள்ளவில்லை.