தண்ணீர் பட்டால் அடங்கும் சத்தம்

நவம்பர் 10, திங்கள்

காரை எடுத்ததும் மறுபடியும் அந்தச் சத்தம். கீச்சென்று தொடங்கித் தெருமுனை வரை இழுத்துக்கொண்டே வந்தது. எதிர்வீட்டு நாய் எழுந்து நின்று பார்த்தது.

கல்லூரியில் முதல் வகுப்பு. என்ன பாடம் எடுத்தேன்? நினைவில்லை.

நவம்பர் 11

ஒருமுறை எழுதிவிட வேண்டும். வரிசையாக.

போன மாதம் பதினான்காம் தேதி. இனியாவுக்கு ஏழாம் மாதம். வளைகாப்புக்கு நாள் குறிக்கக் கீழ்பென்னாத்தூரில் அவள் அம்மா வீட்டுக்குப் போயிருந்தோம். மதியம் மூன்று மணிக்கு வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். மழை. காரில் ஏற்றித் திருவண்ணாமலைக்குக் கிளம்பினேன். ஊரைத் தாண்டும் முன்பே என்ஜின் பெல்ட் அலற ஆரம்பித்தது.

அலறும் பெல்ட் அறுந்துவிடும், அறுந்தால் என்ஜின் சூடேறி வண்டி நின்றுவிடும் - எங்கோ படித்திருந்தேன். வழியில் நின்றுவிட்டால்? அந்தப் பயத்தில் நானே நிறுத்தினேன். இரண்டு முறை. பானெட்டைத் திறந்து, மழையில், எதைப் பார்ப்பது என்று தெரியாமல் பார்த்துக்கொண்டு நின்றேன். இரண்டும் சேர்த்துப் பதினோரு நிமிடம்.

ஆஸ்பத்திரியில், குழந்தைக்கு இதயத்துடிப்பு இல்லை என்றார்கள். பெண் குழந்தை.

"முன்னாடியே நின்னிருக்கும். பத்து நிமிஷத்துல ஒண்ணும் மாறியிருக்காதுங்க" என்றார் டாக்டர். உண்மையா, ஆறுதலா? எப்படிக் கேட்பது.

இனியா கேட்டது ஒன்றுதான். "ஏன் கோபி நிறுத்துன?"

அதோடு அம்மா வீட்டுக்குப் போனவள்தான்.

நவம்பர் 13

போன் எடுத்தாள். சாப்பிட்டாயா என்றேன். ம் என்றாள். பிறகு அவளாகவே:

"கண்ண மூடுனா அந்தச் சத்தம்தான் கேக்குது. அதோட இங்க வராத கோபி."

"சத்தம் இல்லன்னா?"

அந்தப் பக்கம் கோழி ஒன்று கேறுவது கேட்டது.

"இல்லன்னா வா."

நவம்பர் 15, சனி

வேங்கிக்காலில் மெக்கானிக் பிரகாஷின் ஷெட். வண்டிச் சத்தத்தைப் பத்து விநாடி கேட்டார். "பெல்ட் போச்சு சார். புதுசு போட்டா இனிமே வாயத் தொறக்காது." ஒரு மணி நேர வேலை. பழைய பெல்ட்டைச் சுருட்டி டிக்கியில் போட்டுவிட்டார்.

கலெக்டர் ஆபீஸ் வரை அப்படி ஓர் அமைதி. நாளையே இனியாவிடம் போகலாம் என்று நினைத்தேன். ஏசியைப் போட்டேன்.

அலறியது.

நவம்பர் 16, ஞாயிறு

போகவில்லை.

நவம்பர் 18

பிரகாஷ் பெல்ட்டை இன்னும் இறுக்கினார். சத்தம் மாறவில்லை. "புது பெல்ட்டு செட் ஆவணும் சார். ரெண்டு நாள் ஓட்டிப் பாருங்க." தெரியவில்லை என்பதை அவர் இப்படிச் சொல்கிறார். நான் வகுப்பில் வேறுவிதமாகச் சொல்வேன்.

நவம்பர் 22, சனி

ஆசிரமத்தைத் தாண்டி, செங்கம் சாலையில் அப்சல் பாயின் ஷெட். ஒரு வெள்ளைக்காரரின் ஸ்கூட்டருக்கும் என் காருக்கும் நடுவில் பாய் டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"ஸ்டார்ட் பண்ணுங்க. லைட்டு, ஏசி எல்லாம் போடுங்க."

அலறியது. பாட்டிலிலிருந்து கொஞ்சம் தண்ணீரை ஓடும் பெல்ட்டின் மேல் தெளித்தார். சத்தம் நின்றது. ஒரு மூச்சு நேரம். திரும்பவும் வந்தது.

"பேரிங் இல்ல. பேரிங்கா இருந்தா தண்ணிக்கெல்லாம் அடங்காது. பெல்ட்டு எங்கியோ வழுக்குது."

"பெல்ட் புதுசு பாய்."

"பெல்ட்டு புதுசு. அது ஓடுற புல்லி?"

பெல்ட்டைக் கழற்றினார். புல்லியின் பள்ளத்தில் நகத்தைவிட்டு இழுத்தார். மஞ்சளாக ஏதோ செதிலாக வந்தது. மோந்து பார்த்தார். சிரித்துவிட்டார்.

"இன்னா சார், வண்டிக்கு நலங்கா வெச்சீங்க? உள்ளாற வரைக்கும் சந்தனம் பூசியிருக்கீங்களே!"

நானும் சிரித்தேன். சிரித்தேன் என்றுதான் நினைக்கிறேன்.

ஆயுத பூஜை. அக்டோபர் முதல் தேதி. வயிற்றைத் தாங்கிக்கொண்டு, குனிய முடியாமல் குனிந்து, நான்கு டயருக்கும் சந்தனம் வைத்தாள் இனியா. "உள்ள இருக்கிற சக்கரம்லாம் பாவம் இல்லியா?" பானெட்டைத் திறந்து டார்ச் அடித்து, இதோ இது புல்லி, இதுவும் சக்கரம்தான் என்று காட்டியவன் நான். அவள் கை நிறைய அள்ளி அப்பினாள். "எங்க மூணு பேரையும் பத்திரமா கூட்டிட்டுப் போ" என்று வண்டியிடம் சொன்னாள்.

பாய் டூத் பிரஷ்ஷால் பள்ளம் பள்ளமாகத் தேய்த்தார். "காஞ்சு கண்ணாடி மாரி ஆயிடுச்சு. எத்தன பெல்ட் மாத்துனாலும் கத்தத்தான் செய்யும்."

டிக்கியில் கிடந்த பழைய பெல்ட்டை எடுத்துக் காட்டினேன். ஏன் காட்டினேன்? வளைத்துப் பார்த்தார். ஒரு வெடிப்பு இல்லை.

"இதயா கழட்டிப் போட்டாங்க? இது எங்க அறுந்துடப் போவுது. சத்தம்தான் ஜாஸ்தி. காதப் பொத்திக்கினு பெங்களூரே போய்ட்டு வந்திருக்கலாம் நீங்க."

பெங்களூர். எனக்கு இருபது கிலோமீட்டர்தான் போகவேண்டியிருந்தது.

வண்டி இப்போது சத்தமில்லாமல் ஓடுகிறது. வழியெல்லாம் அதைக் கேட்டுக்கொண்டே வந்தேன்.

சந்தனத்தை அவளிடம் சொல்ல மாட்டேன். இங்கே எழுதியதோடு சரி. ஆனால் நிறுத்தியிருக்கத் தேவையில்லை என்பதை? அது என் தப்பு. அதைச் சொல்லியாக வேண்டும்.

நவம்பர் 23, ஞாயிறு

போனேன். வாசலில் நிறுத்தி, என்ஜினை அணைக்காமல் விட்டேன். லைட், ஏசி எல்லாம் போட்டு. இனியா வெளியே வந்து நின்று கேட்டாள். இளைத்திருக்கிறாள்.

"என்னவாம்?"

"பெல்ட் தேஞ்சிடுச்சாம்."

தலையாட்டினாள். கார் கதவின் மேல் கை வைத்தாள். அப்போதாவது வாயை மூடிக்கொண்டிருக்கலாம்.

"ஆனா அது அறுந்திருக்காதாம் இனியா. அன்னிக்கி நான் நிறுத்தியிருக்க வேண்டியதே இல்ல."

கையை எடுத்துவிட்டாள்.

"இத ஏன் எங்கிட்ட சொல்ற?"

"உங்கிட்ட மறைக்கக் கூடாதுன்னு…"

"டாக்டர் சொன்னத நம்பலாம்னு இப்பத்தான் இருந்தேன். கொஞ்சம் கொஞ்சமா." குரல் உயரவே இல்லை. "இப்ப உனக்கு பாரம் எறங்கிடுச்சு, இல்ல? எங்கிட்ட குடுத்துட்ட. போ கோபி."

அத்தை ராணியம்மாள் காபியோடு வந்து நின்றார். "மாப்ள, காபி ஆறுது." இனியா உள்ளே போய்விட்டாள். காபியைக் குடித்தேன். வேறு என்ன செய்வது?

உண்மை என்றுதானே சொன்னேன். இல்லை. பாதியை மறைத்துக்கொண்டு மீதியை அவள் மேல் கொட்டினேன். எது அன்பு, எது கோழைத்தனம்? மாற்றிச் செய்துவிட்டேனா?

டிசம்பர் 3, புதன்

தீபம். மாடியிலிருந்து பார்த்தேன். ஊரே அரோகரா என்றது. எனக்குக் கேட்க ஒன்றும் இல்லை.

டிசம்பர் 14, ஞாயிறு

காரை எடுக்க மனமில்லை. இப்போது ஞாயிறுதோறும் பஸ்தான். அத்தை சோறு போடுகிறார். இனியா எதிரே உட்கார்கிறாள், சில வாரம் அதுவும் இல்லை.

இன்று கேட்டாள்: "வேற ஏதாச்சும் சொல்லாம வெச்சிருக்கியா?"

"இல்ல."

முகத்தையே பார்த்தாள். ரசத்தைத் தள்ளி வைத்தாள்.

டிசம்பர் 28

பெயர் வைத்திருந்தோமே. கவிநிலா. இதுவரை இந்த நோட்டில் எழுதவில்லை. எழுதிவிட்டேன்.

ஜனவரி 11, ஞாயிறு

திரும்பும்போது இனியாவும் செருப்பை மாட்டிக்கொண்டாள். நிறுத்தம் வரை கூடவே நடந்தாள். நான் எதையும் கேட்கவில்லை.

பொங்கல் கூட்டம். பஸ்ஸுக்குள் முண்டியடித்து ஏறினேன். ஜன்னல் ஓரம் யார் யாரோ. வெளியே அவள் குதிகாலை உயர்த்தி எட்டிப் பார்த்தாள்.

"சீட்டு கெடச்சுதா?"

"கெடச்சிது."

திருவண்ணாமலை வரை நின்றுகொண்டே வந்தேன்.