ஒரு கையால் திறக்கிற கத்தி

அன்புள்ள உங்களுக்கு,

இங்கே எல்லோரும் நலம். எல்லோரும் என்றால் நானும் உங்கள் அப்பாவும்தான். உங்கள் நலத்தை விவரமாக எழுதுங்கள். "நன்றாக இருக்கிறேன்" என்ற ஒரே வரியைப் படித்துப் படித்து எனக்கு அலுத்துவிட்டது. கப்பலில் போனையெல்லாம் வாங்கிப் பூட்டி வைத்துவிட்டார்கள் என்கிறீர்கள். கடிதத்திலாவது நாலு வரி கூட எழுதினால் என்ன? மாமாவுக்குக் காது இன்னும் மந்தமாகிவிட்டது. நம் வீட்டுக் கதவை யாராவது தட்டினால், "பக்கத்து வீட்டுல யாரோ வந்திருக்காங்க பாரு" என்று என்னிடமே சொல்கிறார். மற்றபடி பசி, தூக்கம், கோபம் எதற்கும் குறைவில்லை.

நீங்கள் கேட்ட மடக்குக் கத்தியை வாங்கிவிட்டேன். "ஒரு கையால் திறக்க வேண்டும்" என்று எழுதி அதன் கீழே கோடும் போட்டிருந்தீர்கள். பேனா தாளைக் கிழித்துக்கொண்டு போயிருந்தது. இரும்புக் கடைக்காரர், "எதுக்கும்மா, பழம் நறுக்கவா?" என்று கேட்டார். வீட்டுக்காரர் மீன்பிடிக் கப்பலில் இருக்கிறார் என்றேன். உடனே மேஜைமேல் பரப்பியிருந்த அழகு அழகான கத்திகளையெல்லாம் ஒதுக்கிவிட்டு, உள்ளேயிருந்து கறுப்புப் பிடி போட்ட ஒன்றைக் கொண்டுவந்தார். கயிறு அறுப்பதற்கென்று பாதி அலகில் பல் வைத்திருக்கிறது. கட்டைவிரலால் தள்ளித் திறக்கப் பக்கத்தில் ஒரு சின்னக் குமிழ். அவர் தள்ளியபோது சட்டென்று திறந்தது. அவருக்கென்ன, இரும்போடு பழகிய கை.

வீட்டுக்கு வந்து நான் முயன்றால் அசையவே இல்லை. இரண்டு கையாலும் இழுத்ததில் கட்டைவிரல் நகம் பாதியோடு பிய்ந்துவிட்டது. பதற வேண்டாம், ஆறிவருகிறது. சலவைக்கூடத்தில் நாள் முழுக்க ஈரத்துணி பிழிகிற கை, நகம் ஊறிப்போய்த்தான் இருக்கும். சமையல் எண்ணெய் விட்டுப் பார்த்தேன். துணித் தூசியெல்லாம் அதில் ஒட்டிப் பிசினாகிவிட்டது. திரும்பக் கொண்டுபோனபோது கடைக்காரர் தலையில் அடித்துக்கொண்டார். சுடுதண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவி, நன்றாகக் காயவைத்து, திருகாணி இருக்கும் இடத்தில் தையல் மெஷின் எண்ணெய் ஒரே ஒரு சொட்டு விடவேண்டுமாம். "புதுசுல முறுக்காத்தாம்மா இருக்கும். விடாம திறந்து மூடுங்க, தன்னால வழிக்கு வரும்" என்றார். வேலைக்கு நடுவில், பஸ்ஸில், அடுப்படியில் என்று எங்கே போனாலும் அதுதான் இப்போது என் வேலை.

ஒன்று கேட்கவேண்டும். பித்தளைப் பிடி போட்ட உங்கள் பழைய கத்தி என்னவாயிற்று? பாட்டுக்காரர் ஊருக்குப் போய்விட்டார் என்று போன கடிதத்தில் எழுதியிருந்தீர்கள். ஒப்பந்தம் முடியும் முன்பே ஏன் போனார்? இனி வலை இழுக்கும்போது யார் பாடுவார்கள்? அவரைப் பற்றி எழுதாமல் உங்கள் கடிதம் ஒன்றுகூட வந்ததில்லை. இந்த முறை ஒரே வரியோடு விட்டுவிட்டீர்கள். என்னவோ போல் இருக்கிறது.

வேளாவேளைக்குச் சாப்பிடுங்கள்.

உங்கள்
வீட்டுக்காரி


அன்புள்ள உங்களுக்கு,

உங்கள் பதில் வருவதற்குள் இதை எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். இதைக் கம்பெனித் தபால் பையில் போடவில்லை. உங்கள் கப்பலில் புதிதாக வேலைக்குச் சேரப்போகும் சமையல்காரர் கையில், கத்தியோடு சேர்த்துக் கொடுக்கிறேன். உங்கள் கடித உறைகளையெல்லாம் நேற்று எடுத்து வெளிச்சத்தில் பார்த்தேன். எல்லாவற்றிலும் இரண்டு தடவை பசை போட்டு ஒட்டியிருக்கிறது. நாலு வரி எழுதக்கூடாதா என்று உங்களிடம் சண்டை போட்டேனே.

பாட்டுக்காரரின் மனைவி வந்திருந்தார். நான் வாய் நிறையச் சிரித்துக்கொண்டு, "வாங்கக்கா, அண்ணன் எப்படி இருக்காரு?" என்று கேட்டுவிட்டேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது. ஊருக்குப் போய்விட்டார் என்றுதானே எழுதியிருந்தீர்கள். பொய் என்று சொல்லமுடியாது. போய்த்தான் இருக்கிறார், பெட்டியில்.

நெஞ்சுவலி வந்து கடலில் விழுந்துவிட்டார் என்று கம்பெனியில் சொன்னார்களாம். அக்கா அழவில்லை. நாற்காலி நுனியில் உட்கார்ந்துகொண்டு என்னைக் கேள்வியாகக் கேட்டார். "நெஞ்சுவலின்னா நெஞ்சைத்தானே பிடிச்சிருப்பாரு? கணுக்கால்ல எதுக்கு கயித்துத் தடம்? நாந்தானே குளிப்பாட்டினேன். கட்டைவிரல் நகம் எதுக்குப் பாதியோட பிஞ்சிருக்கு?"

என் கையை மடியில் ஒளித்தேன். அதற்குள் பார்த்துவிட்டார். எழுந்து வந்து என் விரலைப் பிடித்து ஜன்னல் பக்கம் திருப்பி வெகுநேரம் பார்த்தார். பிறகு, "உனக்கு எப்படி ஆச்சு?" என்றார். உள்ளே போய்க் கத்தியை எடுத்துவந்து அவர் முன்னால் வைத்தேன்.

போன விடுமுறையில் அக்காவும் பாட்டுக்காரருக்கு இதேபோல ஒன்று வாங்கிக் கொடுத்தாராம். "முறுக்கா இருக்கு, போகப் போகச் சரியாயிடும்னு சொல்லிப் பையில போட்டுக்கிட்டாரு. சாமானோட அது திரும்பி வந்துச்சு. இன்னும் மூடியேதான் இருக்கு" என்றார். வலை இறங்கும்போது கயிறு பாம்பு மாதிரி ஓடும், அதில் கால் வைக்காதவன்தான் பிழைப்பான் என்று நீங்கள் ஒருமுறை எழுதியது நினைவுக்கு வந்தது. அப்போது அதைச் சுவாரசியமாகப் படித்தேன்.

அதற்குப் பிறகு அக்கா நம் கத்தியைக் கையில் எடுத்தவர் கீழே வைக்கவில்லை. திறப்பார், மூடுவார், திறப்பார். காபியைக் கொண்டுவந்து வைத்தேன், ஆறி ஏடு படிந்தது. விரல் சிவந்து கொப்பளம் எழும்பியது. போதும் அக்கா என்றேன், கேட்கவில்லை. மாமா எட்டிப் பார்த்துவிட்டு, "பூட்டு ரிப்பேர் பண்றவங்களா? அப்படியே பின்கதவையும் பாக்கச் சொல்லு" என்றார். நாங்கள் இரண்டு பேரும் சிரித்துவிட்டோம். சிரித்த பிறகுதான் அக்காவுக்கு அழுகை வந்தது. மாமாவிடம் எதையும் சொல்லவில்லை, நீங்களும் எழுதிவிடாதீர்கள்.

அக்கா புறப்படும்போதுதான் வந்த காரியத்தைச் சொன்னார். விசாரணை கேட்டு மனுக் கொடுத்திருக்கிறாராம். பார்த்தவர்கள் யாராவது சொன்னால்தான் எடுபடுமாம். "உன் வீட்டுக்காரர் பக்கத்துலதான் நின்னிருப்பாரு. அவர் ஒரு வார்த்தை சொன்னா போதும்" என்றார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். நீங்கள் இன்னும் அதே தளத்தில், அதே கயிற்றுக்குப் பக்கத்தில், அதே ஆட்களோடு நிற்கிறீர்கள். இங்கே நான் ஒன்றுக்குச் சரி என்று தலையாட்ட, அங்கே உங்களுக்கு என்ன நடக்குமோ? அவரிடம் கேட்டுச் சொல்கிறேன் அக்கா என்றேன். அக்கா, "புரியுது" என்று மட்டும் சொன்னார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

மறுநாள் காலை வேலைக்குப் போகாமல் கம்பெனி ஆபீசுக்குப் போனேன். அங்கேதான் ஒரு முட்டாள்தனம் செய்துவிட்டேன். வீட்டுக்காரரைத் திருப்பி அனுப்புங்கள் என்று கெஞ்சினேன். அங்கே உட்கார்ந்திருந்த ஆள் கம்ப்யூட்டரைப் பார்த்தபடியே, "அவர் நல்லா இருக்காரும்மா, வீணா மனசைக் குழப்பிக்காதீங்க" என்றார். வாய் சும்மா இருந்திருக்கக் கூடாதா? "பாட்டுக்காரரும் நல்லாத்தானே இருந்தாரு?" என்று கேட்டுவிட்டேன். அப்போதுதான் அவர் என் முகத்தைப் பார்த்தார். கோபம் ஒன்றும் இல்லை, பதமாகத்தான் பேசினார். "உங்க வீட்டுக்காரர் பேரு என்ன சொன்னீங்க?" என்று கேட்டு, பேனாவை எடுத்து உங்கள் பெயரைத் தனியாக ஒரு தாளில் எழுதிக்கொண்டார். எதற்காக எழுதினார்? யாருக்குச் சொல்வார்?

கத்தியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். ஐஸ் போட்ட தண்ணீரில் கை மரத்துப்போகும்வரை வைத்திருந்து, சோப்பு நுரையோடு திறந்து பார்த்தேன். முதலில் வழுக்கி வழுக்கி விழுந்தது. பயத்தில் அழுதேன், ஆனால் விடவில்லை. இப்போது வலது கையாலும் திறக்கிறது, இடது கையாலும் திறக்கிறது, கண்ணை மூடிக்கொண்டாலும் திறக்கிறது. மூடும்போது பக்கத்தில் இருக்கிற தகட்டை அழுத்தவேண்டும், விரல் பத்திரம். பிடியில் நூல்கயிறு கட்டியிருக்கிறேன், அதை இடுப்புப் பட்டையில் முடிந்துகொள்ளுங்கள். உங்கள் பழைய கத்தி என்ன ஆனது என்று கேட்டிருந்தேன் அல்லவா, அதற்குப் பதில் எழுதவேண்டாம். நீங்கள் அதை அவரிடம் எறிந்திருப்பீர்கள். அல்லது அதைக் கையில் வைத்துக்கொண்டே ஒன்றும் செய்யமுடியாமல் நின்றிருப்பீர்கள். எதுவானாலும் என்னிடம் வந்து சொல்லிக்கொள்ளலாம்.

சமையல்காரர் துறைமுகத்தில், கரையில் வைத்துத்தான் இதை உங்கள் கையில் கொடுப்பார். அப்படித்தான் அவரிடம் சத்தியம் வாங்கியிருக்கிறேன். இதைப் படிக்கும்போது உங்கள் கால் தரையில் இருக்கும். அதை மறுபடியும் கப்பலுக்கு ஏறுகிற அந்தப் பலகையில் தூக்கி வைக்காதீர்கள். துணிமணி கப்பலில் கிடந்தால் கிடக்கட்டும். வயிற்றுவலி என்று சொல்லுங்கள், அப்பா சாகக்கிடக்கிறார் என்று சொல்லுங்கள். மாமா கோபித்துக்கொள்ளமாட்டார், அவருக்குக் காதில் விழாது. சமையல்காரரையும் ஏறவிடாதீர்கள், அவரிடம் நான் எல்லாவற்றையும் சொல்லவில்லை. சொன்னால் இதைக் கொண்டுவரமாட்டாரோ என்று பயந்துவிட்டேன்.

கரையிலேயே நின்றுவிட்டால் யாரிடமாவது போன் கடன் வாங்குங்கள். என்னைக் கூப்பிடவேண்டாம். அந்த அக்காவின் நம்பரைக் கீழே எழுதியிருக்கிறேன், முதலில் அவரைக் கூப்பிட்டுப் பார்த்ததைப் பார்த்தபடி சொல்லுங்கள். பிறகு அவர் என்னைக் கூப்பிடுவார். அவர் அழுகிற சத்தத்திலேயே நீங்கள் கப்பலில் இல்லை என்று நான் தெரிந்துகொள்வேன்.

இறங்கிவிடுங்கள். உங்களுக்குப் புண்ணியமாகப் போகும், இறங்கிவிடுங்கள்.

உங்கள்
வீட்டுக்காரி