விண்வெளிக்குப் போகிற கீரை

புதன்
காலையிலேயே வெயில் சுள்ளென்று. மலை உச்சியில் மட்டும் ஒரு துண்டு மேகம், யாரோ கழற்றி வைத்த தலைப்பாகை மாதிரி.

தங்கை மகள் கயல் பெங்களூரிலிருந்து கொண்டுவந்து வைத்த கீரைப் பெட்டி நலம். மண்ணே கிடையாது, பஞ்சில் வேர். கண்ணாடி மூடி. உள்ளே ரோஸ் கலர் வெளிச்சம். வருஷக்கணக்கில் விண்வெளியில் இருக்கப் போகிறவர்கள் பச்சையாகக் கிள்ளித் தின்ன இப்படித்தான் வளர்க்க வேண்டுமாம். அவள் ஆபீஸ் ஆராய்ச்சி. பயிர் பழக்கம் இல்லாதவர் கையிலும் வளருமா என்று பார்க்கச் சில வீடுகளில் கொடுத்திருக்கிறார்கள். "அதனாலதான் மாமா உங்ககிட்ட குடுத்தேன்" என்றாள். உண்மையில் என் கைராசிக்காகத்தான். சொல்ல அவளுக்குக் கூச்சம். எட்டாவது பாதியில் நின்றாலும் விஞ்ஞானம் எனக்கு ரத்தத்தில்.

ஞாயிறு வந்து பார்ப்பாள். வாடியிருந்தால் பெட்டி வேறு வீட்டுக்கு.

டீக்கடையில் பக்கத்து வீட்டுக் கோதண்டத்திடம் சொன்னேன், ராக்கெட்டில் என் பெயர் எழுதப் போகிறார்கள் என்று.
"இனிஷியலோடவா அண்ணே?"
"எங்கப்பா பேர முழுசாவே எழுதறாங்கப்பா."

வியாழன்
குழாய்க்கு வாஷர். செருப்பு தைக்க. பெட்டிக்குத் தண்ணீர்.

மத்தியானம் பெட்டி முன்னால் படுத்து யோசனை. மேலே இருப்பவர்கள் பூமியைச் சுற்றிச் சுற்றி வருகிறார்கள். அதுவும் கிரிவலம்தான். செருப்பில்லாமல், மிதந்துகொண்டு. வழியில் மோர் இல்லை, சுண்டல் இல்லை. எல்லாம் பாக்கெட் சாப்பாடு. அதில் ஒருத்தர் என் கீரையில் ஒரு இலை கிள்ளி வாயில் போட்டு... கண் சொருகிவிட்டது. கனவில் கீரை தென்னை உயரம். என் வீட்டுக்காரி மரகதம் அதில் கொடி கட்டிப் புடவை காயப்போட்டிருந்தாள்.

வெள்ளி
விளக்கு வைக்கும் நேரம். மரகதம் வீடு முழுக்கச் சாம்பிராணிப் புகை காட்டிவிட்டுப் பெட்டிக்கிட்ட வந்து நின்றாள்.
"எல்லா மூலைக்கும் காட்டிட்டு இத மட்டும் உட்டா நல்லாவா இருக்கும்?"
நியாயம்தானே. மூடியைத் திறந்தது நான். உள்ளே புகை நிறைந்த பிறகு மூடியவனும் நான்தான், வீணாகக் கூடாதென்று. ரோஸ் வெளிச்சத்தில் புகை சுழன்றது. மேகத்துக்குள் ஒரு தோட்டம். பார்த்துக்கொண்டே இருந்தேன், சாப்பிடக் கூப்பிட்டது காதில் விழவில்லை.

சனி
இலையெல்லாம் சுருண்டு, தலை தொங்கி. சோறு இறங்கவில்லை.
கோதண்டம் எட்டிப் பார்த்தான். "ராக்கெட்டு கெளம்பாது போலக்குதே."
"நெலா இழுக்குதுப்பா. பௌர்ணமி கிட்ட வருதில்ல."
மரகதம் மூடியைத் திறந்து விசிறியால் விசிறிக்கொண்டே இருந்தாள்.

ஞாயிறு
கயல் வந்தாள். பெட்டியைத் திறந்து மூக்கை வைத்தாள்.
"சாம்பிராணியா மாமா?"
நிலா விஷயத்தை ஆரம்பித்தேன். பாதியில் நின்றுவிட்டது.
"நான்தாம்மா காட்டணும்னேன்" என்றாள் மரகதம்.
"மூடி வச்ச எடத்துல புகை சேந்தா செடி தாங்காது அத்தை. மேலயும் அப்டித்தான். அங்க நெருப்பே கூடாது."
"வெள்ளிக்கெழமைக்குக் கூடவா?"
"எந்தக் கெழமைக்கும்."
மரகதம் கூரையைப் பார்த்தாள், அதற்கு மேல் யாரோ பசியோடு இருப்பது போல.

நானே ஒயரைச் சுற்றிப் பெட்டியை வாசல் பக்கம் நகர்த்தி வைத்தேன். ஓரத்தில் ஒரு செடி மட்டும் நிமிர்ந்திருந்தது. கயல் அதில் இலை கிள்ளிப் பாதி தின்றாள், பாதி எனக்கு. கோயில் பிரகாரத்தைக் கடித்த மாதிரி ருசி.

"மேல போறவங்களும் வீட்டு ஞாபகத்துல எதனா செஞ்சு வைப்பாங்க மாமா. இப்பவே தெரிஞ்சது நல்லதுதான்." பஞ்சை மாற்றிப் புது விதை வைத்தாள். "இன்னொரு தபா பாருங்க. புகைய நிறுத்த வேணாம். பெட்டிய நகத்திடுங்க."

வெள்ளி
முளை விட்டாச்சு. கடுகு கடுகாய்ப் பச்சை.

மரகதம் தூபக்காலை எடுத்ததும் பெட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு தெருவுக்கு வந்தேன். நல்ல காற்று. மலைக்குப் பின்னால் வெளிச்சம் அடங்கிக்கொண்டிருந்தது. வானத்தில் ஒரு புள்ளி, சத்தமே இல்லாமல் நகர்ந்தது. விமானமோ, அவர்களோ. பெட்டியைக் கொஞ்சம் தூக்கிக் காட்டினேன்.

கோதண்டம் அவன் வாசலில் இருந்து, "இன்னா அண்ணே கையில?"
"கீரை" என்றேன்.