கம்பளிக்கு விழுப்பில்லை

மைசூர்
11-7-1934

சௌபாக்கியவதி பத்மாஸினிக்கு ஆசீர்வாதம். இங்கே இருபத்தாறு மூக்குகள் ஒழுகுகின்றன. என்னுடையது அந்தக் கணக்கில் சேர்த்தி இல்லை. அங்கே எல்லோரும் சுகந்தானே?

ஒரு வெட்கக்கேட்டை முதலில் சொல்லிவிடுகிறேன். பக்கத்தில் உன் அண்ணா இருந்தால் அவர் எழுந்து போன பிறகு படி. நேற்றுக் காலை லாயத்து முற்றத்தில், முப்பது குதிரைக்காரர்கள் முன்னால் நின்று, மடி என்றால் என்ன என்று உபந்நியாசம் செய்தேன். உன் குரலில். இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "அங்கேயே நில்லுங்கோ, மேலே படாதேங்கோ!" என்று என்னைப் பார்த்துக் கத்துவாயே, அதே ராகம். இருபத்திரண்டு வருஷம் உன் மடியைப் பரிகாசம் செய்தவன் நான். போன மாசம், கொடியில் உலர்ந்த உன் மடிப்புடவையைச் சவுக்கு நுனியால் தொட்டுவிட்டுச் சிரித்தவனும் நான்தான். நீ பெட்டியைக் கட்டிக்கொண்டு மேல்கோட்டைக்குப் போனது அதற்காகத்தான் என்று தெருவுக்கே தெரியும்.

விஷயம் இதுதான். எஜமானர் பெங்களூரில் வாங்கிய சிவப்புக் குதிரை இருமிக்கொண்டே வந்து இறங்கிற்று. லாயத்து மானேஜராகிய நான், 'பிரயாணத் தூசி' என்று தீர்ப்புச் சொன்னேன். ஆறாம் நாள் இருபத்தாறு குதிரைகளுக்குத் தூசி. டாக்டர் பசவராஜ் வந்து பார்த்து, "தூசியில்லை ஸ்வாமி, இது குதிரைகளுக்கு வருகிற இன்ஃபுளூயன்சா. கண்ணுக்குத் தெரியாத விஷம். மூச்சிலே போகும், வாளியிலே போகும், உங்கள் கையிலேயும் போகும்" என்றார். நாற்பது நாள் ஒரு குதிரையும் வாசல் தாண்டக் கூடாது. நோய் கண்டது மேற்கே, காணாதது கிழக்கே, நடுவில் சுண்ணாம்புக் கோடு. மேற்கே கை வைத்தவன் குளித்துத் துணி மாற்றாமல் கிழக்கே வரக் கூடாது.

டாக்டர் இதை மூன்று தடவை சொன்னார். ஒருவர் மண்டையிலும் ஏறவில்லை. நான், "கிழக்கே மடி. மேற்கே விழுப்பு. விழுப்போடு மடியைத் தொட்டால் ஸ்நானம்" என்றேன். உடனே விளங்கிவிட்டது. கௌதள்ளி ஊர்க் குதிரைக்காரன் லிங்கப்பன் மட்டும், "ஏனுங்க சாமி, இத்தன நாளா எங்களத்தான் தள்ளி நிக்கச் சொன்னீங்க. இப்பக் குதிரையவுமா?" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவைத்தேன்.

உன்னை அழைத்துவரத் திங்கட்கிழமை துளசியை வண்டியில் பூட்டுவதாக இருந்தேன். அவள் கிழக்கே, மடியாக, கொழுத்துப்போய் நிற்கிறாள். ஆனால் வாசல் அடைத்தாயிற்று. நம்பு.

ஒரு சந்தேகம். எதெதற்கு விழுப்பு ஒட்டும், எதெதற்கு ஒட்டாது? விவரமாக எழுது. இங்கே நேற்றிலிருந்து என்னைக் கேட்டுப் பிடுங்குகிறார்கள்.

லாயத்து மடிசஞ்சி,
நம்பி

மேல்கோட்டை
15-7-1934

அகத்துக்காரருக்குப் பத்மாஸினி தெண்டனிட்டு எழுதிக்கொண்டது.

என் குரலில் பேசினீர்களாம். இத்தனை வருஷம் நான் கத்தினது காதில் விழுந்திருக்கிறது என்று இப்போதாவது தெரிந்ததே.

கேட்டதற்குப் பதில். பருத்தித் துணி, பட்டால் போச்சு, நனைத்துத்தான் ஆகவேண்டும். பித்தளையைத் தேய்த்துக் கழுவினால் போதும். மண்பானை போனது போனதுதான். பட்டுக்கும் கம்பளிக்கும் விழுப்பில்லை. எங்கே கிடந்தாலும் எடுத்துக்கொள்ளலாம்.

வாசல் அடைத்ததை நம்பாமல் என்ன செய்ய? போன தீபாவளிக்கு நாம் இங்கே வராததற்குச் சாக்கு, சக்கரம் உடைந்தது. தைக்கு எஜமானர் வீட்டுக் கல்யாணம். இப்போது குதிரைக்கு ஜலதோஷம்.

மன்னி நல்லவள்தான். சாதம் போடும்போது, "இன்னும் எத்தனை நாள் இருப்பேள்?" என்பதைக் கேட்காத மாதிரி கேட்பாள். அதற்காக நானாகப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு உங்கள் வாசலில் வந்து நிற்க மாட்டேன். நீங்கள் இங்கே வந்து, மன்னி காது கேட்க, "வா" என்று ஒரு வார்த்தை கூப்பிட வேண்டும். உங்கள் நாற்பது நாளே கெடு. அதற்கு மேல் பெட்டி பரண்மேல் ஏறிவிடும்.

துளசிக்கு வெல்லம் கொடுங்கள். நான் இல்லையென்று தேடும்.

பத்மாஸினி

மைசூர்
29-7-1934

சௌ. பத்மாஸினிக்கு,

இடுப்பு ஒடிகிறது. ஒரு நாளைக்கு நாலு ஸ்நானம். மேற்கே போய் வந்தால் ஒன்று, டாக்டர் பார்த்துவிட்டால் ஒன்று. நீ எப்படி இத்தனை வருஷம் தாங்கினாய்? உள்ளங்கை ஊறிச் சுருங்கி நெல்லிமுள்ளி மாதிரி ஆகிவிட்டது. எந்த வேஷ்டியிலும் நீலகிரித் தைல நாற்றம். தினமும் நோயாளிகளின் மூக்குக்கு வெந்நீர் ஆவி பிடிக்கிறோம். ஆவி முக்கால்வாசி எனக்குத்தான் ஏறுகிறது. நேற்று நான் தும்மியதும் லிங்கப்பன், "சாமி, நீங்களும் மேக்கால போய்க் கட்டிக்கிறீங்களா?" என்றான்.

ஆனால் உன் மடி வென்றது, பத்மா! பதினாறு நாளாகக் கிழக்கே ஒரு புது இருமல் இல்லை. டாக்டர் என் முதுகைத் தட்டினார். (தட்டிவிட்டுக் கை கழுவினார்.) இன்னும் மூன்று வாரம். துளசி மட்டும் இப்படியே இருந்தால், வாசல் திறந்த அன்றைக்கே அவளைப் பூட்டிக்கொண்டு வந்து, மன்னி காது மட்டுமில்லை, கோவில் வீதி முழுக்கக் கேட்கும்படி "வா" என்கிறேன்.

மூன்று நாளாக விடாத மழை. துளசி உடம்பு நடுங்கினாள். கிழக்கே இருந்த போர்வையெல்லாம் ஈரம். மேற்குக் கொட்டகையில் ஒரு கம்பளி நன்றாகக் காய்ந்து கிடந்தது. "அது அந்தப் பக்கத்ததுங்க சாமி" என்றான் லிங்கப்பன். "கம்பளிக்கு விழுப்பில்லை, அம்மாவே எழுதியிருக்கிறாள்" என்று உன் கடுதாசியை உருவிக் காட்டினேன். அவனுக்கு எழுத்துத் தெரியாது, மரியாதையாகப் பார்த்தான். நானே எடுத்துவந்து போர்த்தினேன். சுகமாகக் கண்ணை மூடிக்கொண்டாள். மற்றவர்களும் ஆளுக்கொரு கம்பளி எடுத்துவந்து தங்கள் குதிரைகளுக்குப் போட்டார்கள்.

நம்பி

மைசூர்
9-8-1934

பத்மா,

கம்பளிக்கு விழுப்பு உண்டு.

போர்த்திய மூன்றாம் நாள் துளசி இருமினாள். மறுநாள் கிழக்கே பதினோரு குதிரைகள். டாக்டர் கொட்டகை கொட்டகையாகப் போய்ப் பார்த்தார். ஒரு கம்பளியை எடுத்து விரித்தார். மேற்கே இருந்த குதிரையின் சளி அதில் காய்ந்து பொருக்குத் தட்டியிருந்தது. "வாளியைப் பிரித்தீர்கள், ஆளைப் பிரித்தீர்கள். இதை ஏன் ஸ்வாமி விட்டீர்கள்? யார் சொன்னது?" என்றார். எங்கள் வழக்கம் என்றேன். உன் பேரைச் சொல்லவில்லை. எல்லாக் கம்பளிகளையும் கொளுத்தினோம். ஈரத்தில் அதுவும் சரியாக எரியவில்லை.

மற்றவை பிழைத்துக்கொள்ளும். ஓய்வு கொடுத்தால் தானாகவே போகிற நோய் என்கிறார் டாக்டர். துளசிக்குப் பதினெட்டு வயசு, நெஞ்சில் இறங்கிவிட்டது. நேற்று மத்தியானம் போய்விட்டாள். லிங்கப்பன் அவள் தலையைத் தன் மடியில் வைத்துக்கொண்டு, "எந்திரி ஆத்தா, அம்மாவக் கூட்டியார வேண்டாமா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தான். என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம்.

டாக்டர் இன்றையிலிருந்து மறுபடி நாற்பது நாள் எண்ணச் சொல்லிவிட்டார். உன் கெடுவுக்குள் வாசல் திறக்காது. திறந்தாலும் பூட்ட அவள் இல்லை. இனி எதை அனுப்புவேன்?

இந்தக் கடுதாசியில் வேடிக்கை ஒன்றும் இல்லை, தேடாதே. களைப்பாக இருக்கிறது.

நம்பி

மேல்கோட்டை
13-8-1934

அகத்துக்காரருக்கு,

கடுதாசி வந்த அன்று நான் சாப்பிடவில்லை. மன்னி ஏன் என்றாள். துளசி போய்விட்டது என்றேன். "ஒரு குதிரைக்கா?" என்றாள். ஆமாம் என்றேன்.

டாக்டரிடம் என் பேரையே சொல்லுங்கள். கம்பளி என் வார்த்தை. நான் எழுதினது சமைக்கிற தளிகையறைக்கு. மூக்கு ஒழுகுகிற ஜீவன் போர்த்திய கம்பளி என்று நீங்கள் கேட்டிருந்தால் யோசித்திருப்பேன். நீங்கள் கேட்கவில்லை, நானும் யோசிக்கவில்லை. அந்தப் பாவம் இருவருக்கும் பாதிப் பாதி. லிங்கப்பனை ஒன்றும் சொல்லாதீர்கள். அவன் ஒருவன்தான் சரியாகச் சொன்னான்.

மார்பில் தைலம் தடவிக்கொண்டு தூங்குங்கள். உங்கள் தும்மலை எழுதியதிலிருந்து எனக்கு அதே நினைவு.

எதை அனுப்புவேன் என்று கேட்டிருக்கிறீர்கள். எதையும் அனுப்ப வேண்டாம். பெட்டி இன்னும் கீழேதான் இருக்கிறது.

பத்மாஸினி

பி.கு. மைசூரிலிருந்து தினம் காலையில் ஒரு மோட்டார் பஸ் இங்கே வருகிறது. மூன்று மணிக்குத் திரும்பிப் போகிறது. சித்திரையிலிருந்தே ஓடுகிறது. உங்கள் கடுதாசிகளெல்லாம் அதில்தான் வந்தன.