ஏழு பேர் காடி

தஞ்சோங் கிளிங், மலாக்கா
3 பிப்ரவரி 2024

அன்புள்ள சுரேகா அப்பாவுக்கு,

நானும் சுரேகாவும் சுகமாக இருக்கிறோம். உங்கள் உடம்பு எப்படி இருக்கிறது என்று நீங்கள் எழுதினால்தான் எங்களுக்குத் தெரியும்.

பிந்துலு டவுனுக்கு வந்தபோது நீங்கள் அனுப்பிய மெசேஜ் கிடைத்தது. நீங்கள் கடல் தாண்டிச் சரவாக்குக்குப் போய் ஒன்றரை வருஷம் ஆகிறது. இரண்டு தீபாவளிக்கு வரவில்லை. மூன்று மாதம் சத்தமில்லாமல் இருந்துவிட்டு, 'காடியை விற்றுவிடு' என்று இரண்டே வார்த்தை. திருப்பிக் கூப்பிட்டால் உங்கள் செம்பனை எண்ணெய் ஆலை முகாமில் லைன் கிடைப்பதில்லை. அதனால்தான் காகிதம் எடுத்தேன்.

ஏழு பேர் ஏறும் அந்தக் காடியை நான் விற்கப் போவதில்லை. ஏன் என்று சொல்கிறேன், கோபப்படாமல் படியுங்கள். சிகாமட் கல்யாணத்திலிருந்து திரும்பும்போது ஜாசின் பக்கத்தில் ரோட்டை விட்டு இறங்கி மரத்தில் மோதிய காடிதான். பின்சீட்டில் இருந்த நம் பெண்ணுக்கு இடது கால் இரண்டு இடத்தில் முறிந்ததும் இதில்தான். நான் மறக்கவில்லை. ஆனால் பட்டறையிலிருந்து திரும்பி வந்த பிறகு அவளை வாரம் இரண்டு முறை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனதும் இதுதானே? மூன்றாவது வரிசையை மடக்கிவிட்டால் சக்கர நாற்காலி அப்படியே உள்ளே போகும். என் பழைய குட்டிக் காடியில் அதை எங்கே வைத்திருப்பேன்? ஆபரேஷன் மூன்றும் முடிந்து, நாற்காலிக்குப் பிறகு ஊன்றுகோல் இரண்டு, பிறகு ஒன்று. இப்போது ஒன்றும் இல்லை. கொஞ்சம் சாய்ந்து நடக்கிறாள், அவ்வளவுதான்.

நீங்கள் போன முதல் வாரம் முதுகுக்குத் தலையணை வைத்துக்கொண்டு ஓட்டினேன். முன்பக்கம் எங்கே முடிகிறது என்றே தெரியவில்லை. தெங்கேரா கடைத்தெருவில் இரண்டு பக்கக் கண்ணாடியையும் மடக்கிக்கொண்டு நின்றேன். எதிரே வந்த லோரிக்காரர் இறங்கி வந்து கையைக் காட்டிக் காட்டி என்னைக் கடக்க வைத்தார். இப்போது அதே தெருவில் ரிவர்சில் போய் நிறுத்துகிறேன். உட்கார உயரம், தூரம் வரை தெரிகிறது, மழையில் பயமில்லை. பெட்ரோல்தான் நிறையக் குடிக்கிறது. பின்கதவு தூக்கினால் நிற்பதில்லை, குடையால் முட்டுக் கொடுக்கிறேன்.

ஒரு லட்சத்து அறுபத்திரண்டாயிரம் கிலோமீட்டர் ஓடிவிட்டது. அதில் கடைசி முப்பதாயிரம் நான் ஓட்டியது.

உங்கள் பதிலை எதிர்பார்க்கும்,
விஜயராணி

---

ஆலை முகாம், பிந்துலு
26 பிப்ரவரி 2024

அன்புள்ள ராணிக்கு,

உன் கடிதம் பதினோரு நாள் கழித்து ஆபீஸ் லோரியில் வந்தது. நான் நன்றாக இருக்கிறேன்.

ஒரு லட்சத்து அறுபதாயிரம் தாண்டியிருந்தால் கியர் ஆயில் மாற்றவேண்டும். பட்டறைக்காரன் பெரியதம்பியிடம் சொல், அவனுக்குத் தெரியும். முன் டயர் இரண்டும் உள்பக்கமாகத் தேய்கிறதா என்று குனிந்து பார். தேய்ந்தால் அலைன்மென்ட் சரியில்லை. பின்கதவுக் கம்பி இரண்டும் மாற்ற அரை மணி நேரம்தான் ஆகும். குடையை நம்பாதே, தலையில் விழும்.

இதெல்லாம் நீ வைத்திருக்கும்வரை. ஆனாலும் விற்றுவிடு ராணி. அந்தக் காடி நம் வீட்டு வாசலில் நிற்கிறது என்று நினைத்தாலே எனக்கு என்னவோ செய்கிறது.

நான் இங்கே எதையும் ஓட்டுவதில்லை. முகாம் பிக்கப் சாவியைக் கொடுத்தார்கள், வாங்கவில்லை. ஆற்றுப் படகுத்துறைக்குப் போகவேண்டுமென்றால் கூட வேலை செய்யும் குகன்தான் ஓட்டுவார். நான் பின்னால் சாமான்களோடு ஏறிக்கொள்வேன். ஏன் என்று அவர் கேட்டதில்லை. நல்ல மனிதர்.

சுரேகாவைக் கேட்டதாகச் சொல்.

சேகரன்

---

தஞ்சோங் கிளிங்
20 ஏப்ரல் 2024

அன்புள்ள சுரேகா அப்பாவுக்கு,

கியர் ஆயில் மாற்றியாயிற்று. பின்கதவு இப்போது தானாக நிற்கிறது. டயர் நீங்கள் சொன்னபடியே உள்பக்கம் தேய்ந்திருந்தது. இத்தனை தூரத்திலிருந்து டயர் தேய்வது தெரிகிறது, நான் இளைத்துப் போனது தெரியவில்லை. சரி, அதை விடுங்கள்.

போன மாதம் காடி என்னை வழியில் விட்டுவிட்டது. புக்கிட் ரம்பாய் ஆபீசிலிருந்து வரும்போது கடலோர ரோட்டில் சூட்டு முள் மளமளவென்று ஏறியது. ஓரமாக நிறுத்தி எஞ்சினை அணைத்தேன். ரேடியேட்டர் மூடியைத் திறக்கவில்லை. பெரியதம்பிக்குப் போன் போட்டுவிட்டு, மீன் விற்கிற மலாய்ப் பெரியவர் பாக்சிக்கின் குடைக்குள் நின்றேன். பெரியதம்பி மோட்டார் சைக்கிளில் வந்து பார்த்தார். தண்ணீர் பம்பு ஒழுகியிருக்கிறது. "எஞ்சின் நல்லா இருக்குலா அக்கா. நீங்க உடனே நிறுத்துனதுதான் காப்பாத்துச்சு" என்றார். அன்றைக்கு நான் பதறவே இல்லை. அதை உங்களிடம்தான் சொல்லவேண்டும் என்று தோன்றியது.

இன்னொரு விஷயம். அடுத்த மாதம் சுரேகாவுக்குப் பதினேழு வயது. லைசென்ஸ் எடுக்கவேண்டும் என்கிறாள். டாக்டரைக் கேட்டேன். ஆட்டோ கியரில் இடது காலுக்கு வேலையே இல்லை, தாராளமாக ஓட்டலாம் என்றார். டிரைவிங் ஸ்கூலில் படித்து லைசென்ஸ் வந்ததும் நம் காடியைத்தான் ஓட்டுவாளாம். தாழ்வான காடியில் இறங்கி ஏறினால் கால் வலிக்கிறதாம். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்? உங்களைக் கேட்காமல் செய்ய எனக்கு மனமில்லை.

விஜயராணி

---

ஆலை முகாம், பிந்துலு
9 மே 2024

ராணிக்கு,

அவள் லைசென்ஸ் எடுக்கட்டும். அந்தக் காடியில் மட்டும் கை வைக்கக்கூடாது. இதில் எனக்கு இரண்டாவது பேச்சு இல்லை.

இதை எழுதி மடித்து வைத்துவிட்டேன். இரண்டு நாள் கழித்துத் திரும்பப் பிரித்து எழுதுகிறேன்.

நாய் குறுக்கே வந்தது, ஸ்டீரிங்கை வெட்டினேன், ரோட்டை விட்டு இறங்கிவிட்டது என்று போலீசிடம் சொன்னேன். உன்னிடமும் அதையேதான் சொன்னேன். நாய் எதுவும் வரவில்லை ராணி. நான் தூங்கிவிட்டேன். கண்ணைத் திறந்தபோது முன் கண்ணாடி முழுக்கச் செம்பனை மட்டையும் ஓலையுமாக இருந்தது. சுரேகாவின் சத்தம் கேட்டது.

ஆஸ்பத்திரியில் மூன்று நாள் நீ என் முகத்தைப் பார்க்கவில்லை. இவளுக்குத் தெரிந்துவிட்டது, வாய்விட்டுச் சொல்லாமல் இருக்கிறாள் என்று நினைத்தேன். அதன் பிறகு வீட்டில் உங்கள் இருவருக்கும் முன்னால் உட்கார்ந்து சோறு சாப்பிட முடியவில்லை. இந்த வேலை வந்ததும் கிளம்பிவிட்டேன்.

நான் செய்ததற்கு மன்னிப்புக் கேட்க எனக்கு வாயில்லை. அவளை மட்டும் அந்த ஓட்டுநர் சீட்டில் உட்கார வைக்காதே.

சேகரன்

---

தஞ்சோங் கிளிங்
25 மே 2024

அன்புள்ள சுரேகா அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தை ஆபீஸ் பார்க்கிங்கில், காடிக்குள் உட்கார்ந்துதான் படித்தேன். படித்த பிறகு உள்ளே போகவில்லை. அரைநாள் லீவு சொல்லிவிட்டேன்.

நாய் வந்ததா வரவில்லையா என்று எனக்குத் தெரியவே தெரியாது. நீங்கள் சொன்னதை அப்படியே நம்பினேன். ஏனென்றால் நான் தூங்கிக்கொண்டிருந்தேன். இந்த ஒரு வரியைச் சொல்ல எனக்கு இரண்டு வருஷம் ஆகியிருக்கிறது.

அன்றைக்கு நீங்கள் இரவு வேலை முடித்துவிட்டு நேராகக் கல்யாணத்துக்கு வந்தீர்கள். மத்தியானச் சாப்பாடு முடிந்ததும், "அக்கா வீட்டுல ஒரு மணி நேரம் படுத்துட்டுப் போவோமே" என்று கேட்டீர்கள். நான்தான் மாட்டேன் என்றேன். உங்கள் அக்கா பாக்கியலட்சுமி பந்தியில் எல்லோருக்கும் முன்னால் என் புடவையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியிருந்தாள். அந்த ரோஷத்தில் அவள் வீட்டு வாசலை மிதிக்கமாட்டேன் என்று நின்றேன். ஒரு புடவைக்காக.

ஜெமெந்தா தாண்டியதும், "தூக்கம் வருது ராணி, ஏதாச்சும் பேசிக்கிட்டே வா" என்றீர்கள். சரி என்றேன். ஐந்து நிமிஷம் பேசியிருப்பேனா? அதற்குள் தூங்கிவிட்டேன்.

ஆஸ்பத்திரியில் உங்கள் முகத்தை நான் பார்க்காமல் இருந்தது கோபத்தால் இல்லை. பார்த்தால், 'உன்னைப் பேசச் சொன்னேனே' என்று கேட்டுவிடுவீர்களோ என்ற பயம். நீங்கள் கேட்கவே இல்லை. கேட்காமலே சரவாக் போய்விட்டீர்கள். என்னைப் பார்க்கப் பிடிக்காமல்தான் போகிறீர்கள் என்று நினைத்து நானும் தடுக்கவில்லை.

இப்போது சொல்லிவிட்டேன். இனி உங்கள் இஷ்டம்.

ராணி

---

ஆலை முகாம், பிந்துலு
16 ஜூன் 2024

அன்புள்ள ராணிக்கு,

உன் கடிதம் வந்து நான்கு நாள் ஆகிறது. தினமும் சாப்பிட்ட பிறகு எடுத்துப் படிக்கிறேன்.

நீ பிடிவாதம் பிடித்தது எனக்கு ஞாபகமே இல்லை. அக்கா புடவையைப் பற்றிச் சொன்னது இப்போதுதான் எனக்குத் தெரியும். பேசிக்கொண்டே வரச் சொன்னது ஞாபகம் இருக்கிறது. நீ ஜன்னல் கண்ணாடியில் தலை சாய்த்துத் தூங்கியதும் ஞாபகம் இருக்கிறது. ஒரு வாரமாகக் கல்யாண வேலை, பாவம், தூங்கட்டும் என்று ரேடியோ சத்தத்தைக் குறைத்தது நான்தான் ராணி. ஒருநாளும் அதற்காக உன்மேல் எனக்கு வருத்தம் வந்ததில்லை. இதை நீ கேட்டிருந்தால் அன்றைக்கே சொல்லியிருப்பேனே. நீ கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. இரண்டு பேரும் ஒரே வீட்டில் ஆளுக்கொரு மூட்டையைத் தூக்கிக்கொண்டு நடந்திருக்கிறோம்.

குகனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் பிக்கப் சாவியை மேஜையில் வைத்துவிட்டுப் போனார். நேற்று படகுத்துறை வரை ஓட்டினேன். செம்மண் ரோடு, இரண்டு கிலோமீட்டர். வியர்வையில் சட்டை முழுக்க நனைந்துவிட்டது. திரும்பியும் நானே ஓட்டி வந்தேன்.

சுரேகா எந்தக் காடியை ஓட்டவேண்டும் என்பதை அவளே முடிவு செய்யட்டும். தீபாவளிக்கு லீவு எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

சேகரன்

---

தஞ்சோங் கிளிங்
8 அக்டோபர் 2024

அன்புள்ள சுரேகா அப்பாவுக்கு,

சுரேகாவுக்கு லைசென்ஸ் வந்துவிட்டது. காடியின் முன்னும் பின்னும் புதிதாக ஓட்டுகிறவர்களுக்கான 'பி' ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறாள். முதல் நாளே வாசல் கேட் தூணில் உரசி பம்பரில் ஒரு கோடு போட்டாள். அவள் அழவும் இல்லை, நான் கத்தவும் இல்லை. இறங்கிப் பார்த்துவிட்டு, "அப்பாகிட்ட நான்தான் சொல்வேன்" என்றாள். நான் முந்திக்கொண்டேன், தெரியாத மாதிரி இருங்கள்.

28ஆம் தேதி உங்களைக் கூட்டிவர கே.எல். ஏர்போர்ட்டுக்கு நாங்கள் இருவரும் வருகிறோம். பாதி வழி அவள் ஓட்டுவாள். பயமாக இருந்தால் பின்சீட்டில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொள்ளுங்கள்.

ராணி

---

ஆலை முகாம், பிந்துலு
10 டிசம்பர் 2024

அன்புள்ள ராணிக்கு,

ஊரிலிருந்து திரும்பி வந்ததிலிருந்து இங்கே எல்லாம் உப்பில்லாத சாப்பாடு மாதிரி இருக்கிறது. வந்த மூன்றாம் நாளே ராஜினாமாக் கடிதம் கொடுத்தேன். இருபதாம் தேதி கடைசி நாள். மேனேஜர் இன்னும் ஆறு மாதம் இருக்கச் சொன்னார். முடியாது என்றுவிட்டேன். புக்கிட் ரம்பாயில் ஒரு தொழிற்சாலை மராமத்துப் பகுதியில் ஆள் தேடுகிறார்கள், ஜனவரியில் வந்து பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள்.

உனக்குத் தெரியாத ஒன்றை எழுதவேண்டும். நேரில் சொல்ல நினைத்து, தீபாவளிக் கூட்டத்தில் முடியாமலே வந்துவிட்டேன்.

ஏர்போர்ட்டிலிருந்து சுரேகா ஓட்டினாள். நான் பின்சீட்டில், அன்றைக்கு அவள் இருந்த பக்கத்தில் உட்கார்ந்தேன். நீயும் பார்த்திருப்பாய், நன்றாகத்தான் ஓட்டினாள். சிக்னல் போட்டு, கண்ணாடியைப் பார்த்து, லோரிக்குப் பின்னால் அவசரப்படாமல் வந்தாள். ஆயர் குரோவுக்கு முன்னால் ரெஸ்ட் ஏரியாவில் நிறுத்தியதும் நீ குடிக்கச் சூடாகத் தே வாங்கப் போனாய். நாங்கள் இருவரும் காடிக்குள்ளேயே இருந்தோம். நானே ஆரம்பித்தேன். "நாய் வரலம்மா, அப்பா தூங்கிட்டேன்" என்றேன்.

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. ஸ்டீரிங்கில் கை வைத்தபடியே சொன்னாள்:

"தெரியும்ப்பா. நான் முழிச்சுத்தான் இருந்தேன். மேல இருக்கிற கண்ணாடியில உங்க கண்ணு மூடுறதைப் பார்த்தேன். கூப்பிடுறதுக்குள்ள இடிச்சிருச்சு."

பதினான்கு வயதில் அதைப் பார்த்துவிட்டு, இந்தப் பெண் ஒருவரிடமும் மூச்சு விடவில்லை. ஏம்மா சொல்லவில்லை என்று கேட்டேன். நான் நாய் என்று சொன்னதால், அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டாளாம். கோபம் இல்லையா என்று கேட்டேன்.

"இருந்துச்சு. நீங்க தூங்கினதுக்கு இல்ல. மூணாவது ஆபரேஷனுக்கு நீங்க இல்லாம போனதுக்கு" என்றாள்.

பிறகு இறங்கி வந்து என் பக்கத்துக் கதவைத் திறந்தாள். "எனக்குக் கால் வலிக்குது, மீதி தூரம் நீங்க ஓட்டுங்க" என்றாள். வலித்ததா என்று தெரியவில்லை. ஓட்ட அவளுக்கு வேண்டியிருந்தது வலது கால்தான், அது நன்றாகத்தான் இருக்கிறது.

தே பையோடு நீ வந்தபோது நான் ஓட்டுநர் சீட்டில் இருந்தேன். நீ ஒன்றும் கேட்காமல் பக்கத்தில் ஏறிக்கொண்டாய். அதற்காக உனக்கு நன்றி சொல்லவேண்டும். அந்த நேரத்தில் ஒரு வார்த்தை கேட்டிருந்தாலும் நான் இறங்கியிருப்பேன்.

காடி நன்றாகத்தான் இருக்கிறது ராணி. எட்டு வருஷக் காடி மாதிரி இல்லை. மேட்டில் ஏறும்போது முன்னால் லேசாக ஒரு சத்தம் வருகிறது, நான் வந்து பார்த்துக்கொள்கிறேன். சாலை வரி ஜனவரியோடு முடிகிறது, அதையும் நானே கட்டிக்கொள்கிறேன்.

இதற்குப் பதில் எழுதாதே. எழுதினால் வாங்க இங்கே ஆள் இருக்காது.

சேகரன்